டீசல் ஆஃப்ரோடு வண்டியில் ஐடில் இறங்கினால் எங்கே கை வைப்பது?

ஐடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், இறங்கிப்போன டீசல் வண்டியின் பானெட்டைத் திறந்ததும் பெரும்பாலானோர் கை நேராகப் போவது டீசல் பம்ப் மேலே இருக்கும் ஐடில் ஸ்க்ரூவுக்குத்தான். அரைச் சுற்று திருகுவார்கள், இன்ஜின் சத்தம் கூடும், சரியாகிவிட்டது என்று பானெட்டை மூடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன், இரண்டு மாதத்தில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சில நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடி இறங்கும். கடைசியில் பாறைகளுக்கு நடுவே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு மேடேறும்போது இன்ஜின் அணைந்தது. வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பிரேக் பெடல் இரண்டு மிதிக்குப் பிறகு கல்லாகிவிட்டது. எப்படியோ ஒரு பாறையில் பின்சக்கரம் முட்டி நின்றது. வீட்டுக்கு வந்து தேடியபோது கிடைத்த காரணம், டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்கு அடியில் மறைந்திருந்த முடி அளவு வெடிப்பு. ஸ்க்ரூவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐடில் ஸ்க்ரூ தானாகச் சுழலாது. அதன் மேல் ஒரு லாக் நட் இருக்கிறது. அந்த நட் இறுக்கமாக இருந்தால் ஸ்க்ரூ வைத்த இடத்தில்தான் இருக்கிறது என்று பொருள். அப்படியும் ஐடில் இறங்கியிருந்தால் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதைத் தேடும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஸ்க்ரூவைத் தொடும் வேலை கடைசியில் வரும்.

சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஐடில் கொஞ்சம் குறைந்தால் கண்ணாடி அதிரும், சிக்னலில் நிற்கும்போது எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். கரடுமுரடான பாதையில் போகும் வண்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை. லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர் நிலை) முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், ஐடில் வேகத்திலேயே ஊர்ந்து போவதுதான் இந்த வண்டிகளின் பலம். அப்படி ஊரும்போது கல்லில் சக்கரம் ஏறினால், பம்புக்குள் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர் கூடுதல் டீசல் கொடுப்பதற்குள் வரும் சுமையைத் தாங்குவது இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல். அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) சுற்ற வேண்டிய இன்ஜின் 600க்கு இறங்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் ஃப்ளைவீலின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. நேற்று ஏறிய கல்லில் இன்று அணைவது இதனால்தான்.

வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள்

ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து ஒரு கேபிளோ கம்பியோ டீசல் பம்ப் வரைக்கும் போகிறதா? போனால் உங்களுடையது மெக்கானிக்கல் பம்ப். ரோட்டரி பம்பாக இருக்கலாம் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் எல்லாவற்றுக்கும் டீசலைத் தள்ளுவது பெரும்பாலும் ஒரே பிளஞ்சர், பைப்புகள் வட்டமாகக் கிளம்பும்), அல்லது இன்லைன் பம்பாக இருக்கலாம் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், பைப்புகள் வரிசையாக நிற்கும்). இரண்டிலும் ஐடில் ஸ்க்ரூ உண்டு.

கேபிள் இல்லாமல் பெடலிலிருந்து வயர் மட்டும் போனால் ஐடிலை முடிவு செய்வது ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். அங்கே திருக ஒன்றும் இல்லை. பழைய சில வண்டிகளில் பம்ப் பார்வைக்கு ரோட்டரி மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே எலக்ட்ரானிக் கட்டுப்பாடு. அதனால் பம்பின் தோற்றத்தை நம்பாமல் கேபிளைப் பாருங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஃபோர் வீல் வண்டியில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: டிரான்ஸ்ஃபர் கியர் லிவர் (ஹை, லோ ரேஞ்சை மாற்றும் லிவர்) நியூட்ரலில் இருந்தால், மெயின் கியரை முதலில் போட்டு வைத்தாலும் வண்டி நிற்காது. ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கில் போட்டாலும் அதே கதைதான். ஹேண்ட் பிரேக்கும் கட்டையும் இல்லாமல் அடியில் போகாதீர்கள். மூடிய கூடத்துக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். தொங்கும் சட்டைக் கை, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது.

இன்னொன்று. டீசல் இன்ஜினில் கை வைப்பவர் அதை அவசரத்தில் எப்படி நிறுத்துவது என்று முதலிலேயே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பம்பில் கை வைத்த பிறகு சாவியைத் திருப்பினால் அணையும் என்று உறுதி கிடையாது. பம்ப் மேல் ஸ்டாப் லிவர் இருந்தால் அது எந்தப் பக்கம் இழுத்தால் அணைகிறது என்று இப்போதே ஒரு தடவை செய்து பாருங்கள். காற்று நுழையும் குழாயை அடைக்கிற அளவுக்கு ஒரு தட்டையான பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் இன்ஜின் ஏற ஆரம்பித்தால் காற்றை அடைத்தால்தான் நிற்கும். உள்ளங்கையால் அடைக்க முயல வேண்டாம், அந்த உறிஞ்சலுக்குக் கை தாங்காது.

அளந்து பாருங்கள்

காதால் ஐடிலைச் சொல்ல முடியும் என்பவர்களும் 100 ஆர்பிஎம் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். எண் ஒன்று கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்த வேலை பலித்ததா என்றே தெரியாது.

வண்டியில் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளை ஐடிலில் அவ்வளவாக நம்பாதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் செய்வது போல பிளக் வயரில் மாட்டி அளக்கவும் முடியாது, டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. எளிய வழி ஆப்டிகல் டாக்கோமீட்டர். கிராங்க் புல்லியில் ஒரு துண்டு ஒளி தெறிக்கும் டேப்பை ஒட்டி, இன்ஜினை ஓடவிட்டு, கருவியின் ஒளியை அதில் காட்டினால் எண் வரும். ஆல்டர்னேட்டர் புல்லியில் ஒட்டிவிடாதீர்கள், அது சிறியது, வேகமாகச் சுற்றும். கம்ப்யூட்டர் வண்டியானால் ஸ்கேனரை மாட்டினால் போதும்.

கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஏதாவது ஒன்றைப் போனில் போட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றில் இரண்டு தடவை எரியும். 750 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 25 தடவை. செயலியில் 25 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு முகடு தெரிந்தால் ஐடில் 750. அது 20ல் நின்றால் 600. மூன்று சிலிண்டருக்கு ஹெர்ட்ஸை 40ஆலும், நான்குக்கு 30ஆலும், ஆறுக்கு 20ஆலும் பெருக்கினால் ஆர்பிஎம் கிடைக்கும். ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியமாக வரும்.

இன்ஜின் முழுதாகச் சூடேறிய பிறகுதான் அளக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பல பம்புகள் ஐடிலைத் தாமாகவே உயர்த்தி வைத்திருக்கும். கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டு, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்ததும், ஏசி, விளக்கு, ஊதுகாற்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து அளங்கள். அப்புறம் ஏசியைப் போட்டு ஒரு தடவை, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஒரு தடவை. மூன்று எண்ணையும் எழுதி வையுங்கள்.

சரியான எண் எது? வண்டியின் கையேட்டில் இருப்பதுதான். பொதுவாக நடுத்தர டீசல் இன்ஜின்களுக்கு அது 650 முதல் 850க்குள் இருக்கும். உதாரணத்துக்கு லேண்ட் ரோவரின் 300 டிடிஐ இன்ஜினுக்கு 720, அதில் 20 கூடவோ குறையவோ இருக்கலாம். பக்கத்து வண்டிக்காரர் 900 வைத்திருக்கிறார் என்பது உங்கள் வண்டிக்கு அளவுகோல் இல்லை.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். எண் குறைந்து ஒரே இடத்தில் நிற்கிறதா, அல்லது ஏறி இறங்கி அலைகிறதா? ஒரே சீராகக் குறைந்திருந்தால் சுமை, கேபிள், ஸ்க்ரூ என்று யோசிக்கலாம். அலைந்தால் முதல் சந்தேகம் டீசலோடு காற்று கலப்பது. சீராக ஒரு உதறல் இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை.

கேபிளும் லிவரும்

இது ஐந்து நிமிட வேலை, ஆனால் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாரையாவது பெடலை மிதித்து விடச் சொல்லிவிட்டு, பம்ப் மேலிருக்கும் லிவரைப் பாருங்கள். பெடலை விட்டதும் லிவர் ஐடில் ஸ்க்ரூவில் வந்து முட்ட வேண்டும். கேபிளில் 1 அல்லது 2 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும்.

முட்டாமல் நின்றால், முன்பு யாரோ ஸ்க்ரூவைத் தொடாமல் கேபிளை இழுத்து வைத்து ஐடிலை உயர்த்தியிருக்கிறார்கள். கேபிள் நாளடைவில் நீளும், ஐடிலும் கூடவே இறங்கும். 'கைத் திராட்டில்' என்னும், கையால் இழுத்து வைக்கும் ஆக்சிலேட்டர் இருக்கும் வண்டிகளில் அந்தக் கேபிளையும் இதே மாதிரி சோதியுங்கள்.

ஸ்டாப் கேபிள் இருக்கும் வண்டியானால் அதுவும் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சேறு உலர்ந்து கேபிள் பாதியில் மாட்டிக்கொண்டால், ஸ்டாப் லிவர் கொஞ்சம் இழுத்தபடியே நிற்கும். இன்ஜின் ஓடும், ஆனால் பிக்கப்பும் ஐடிலும் சேர்ந்தே செத்துப்போகும். கேபிளைப் பம்ப் பக்கம் கழற்றிவிட்டு லிவரைக் கையால் ஓட்டும் நிலைக்குத் தள்ளிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

டீசல் வரும் வழி

என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது இந்த இடம்தான், அதனால் இங்கே நிதானமாகப் போவோம். ஐடிலில் ஒரு சிலிண்டருக்குள் ஒரு தடவை போகும் டீசல் ஒரு சிறு துளியைவிடக் குறைவு. அவ்வளவு சின்ன அளவில் கொஞ்சம் காற்று கலந்தாலே வித்தியாசம் தெரியும். வேகமாக ஓடும்போது அதே காற்று கலந்தும் வண்டி சமாளித்துப் போகும். 'ரேஸ் கொடுத்தால் நன்றாக இருக்கிறது, விட்டால் அணைகிறது' என்று சொல்பவர்களின் வண்டியில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

டேங்க் மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறதா? அப்படியானால் டேங்கின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. ஆற்றைக் கடந்து வந்த வண்டிகளில் அந்தக் குழாய் நுனியில் சேறு உலர்ந்து நிற்பது சாதாரணம். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டும்போது ஐடில் சரியானால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஃபில்டர். அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். சுத்தமான டீசல் மட்டும் வரும்வரை வடியுங்கள். ஃபில்டரை மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று நினைவில்லையென்றால் மாற்றிவிடுவதே நல்லது. ஃபில்டருக்கு முன்னால் தனியாகத் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருந்தால் அதையும் கழுவுங்கள். ரோட்டரி பம்ப் சிலவற்றில் டீசல் நுழையும் இடத்தில் குட்டியாக ஒரு வலை உண்டு. ஃபில்டரை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த வலை அடைத்திருந்தால் பயனில்லை.

அப்புறம் காற்று. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் டீசல் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. உறிஞ்சும் பாதையில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் 'எங்கேயும் கசிவு இல்லை' என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. பம்புக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸைத் தற்காலிகமாகப் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு அதைப் பாருங்கள். ஆரம்பத்தில் சில குமிழ்கள் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை, அது நீங்கள் கழற்றியபோது புகுந்த காற்று. பத்து நிமிடம் கழித்தும் குமிழ் வந்துகொண்டிருந்தால் எங்கோ காற்று நுழைகிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க, டேங்கை விட்டுவிட்டு ஒரு கேனில் சுத்தமான டீசல் வைத்து, அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை ஃபில்டருக்கு நேராகக் கொடுங்கள். குமிழ் நின்றால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். நிற்காவிட்டால் ஃபில்டர் தலை, கை பம்ப் (கையால் அடித்து டீசலை ஏற்றும் சிறு பம்ப்), அதற்கப்புறம் உள்ள இணைப்புகள். கிளாம்புகளைக் கழற்றி அதன் அடியில் ஹோஸ் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், எனக்குக் கிடைத்தது அங்கேதான். பேஞ்சோ போல்ட்டில் (டீசல் போக உள்ளே துவாரமுள்ள போல்ட்) பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாகப் போடுங்கள். கை பம்பின் ரப்பர் கிழிந்திருப்பதும் அடிக்கடி நடப்பது.

ரோட்டரி பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு இந்தக் கோளாறு ஆரம்பித்திருந்தால், பேஞ்சோ போல்ட்டுகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பாஷ் விஇ வகை பம்பில் டீசல் திரும்பிப் போகும் வழியில் உள்ள போல்ட்டின் தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். அதன் உள்ளே துவாரம் மிகச் சிறியது, பம்புக்குள் அழுத்தம் நிற்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதை வரும் வழியில் மாட்டிவிட்டால் பம்புக்கு டீசல் போதாது, உள் அழுத்தமும் நிற்காது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் தேர்ந்த கைகளே தவறுவதுண்டு.

சரிவில் மட்டும் ஐடில் விழுந்தால் டேங்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று கேளுங்கள். கால் டேங்குக்குக் கீழே இருந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் உறிஞ்சும் குழாய் வெளியே தெரியும், காற்றை இழுக்கும். இதற்குக் கழற்ற வேண்டியது எதுவுமில்லை, நிரப்ப வேண்டியதுதான்.

கோளாறைச் சரிசெய்த பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது பாதையில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மெக்கானிக்கல் பம்புக்கு வழி இது:

1. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, அடியில் துணி வையுங்கள்.
2. குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை கை பம்பை அடியுங்கள். வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள்.
3. கை பம்ப் கெட்டியாகும் வரை இன்னும் சில தடவை அடியுங்கள்.
4. ஸ்டார்ட் ஆகாவிட்டால், இரண்டு நாசிலின் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 15 வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள்.

நான்காவது படி காமன் ரெயில் இன்ஜினுக்கு (உயர் அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயில் நின்று எல்லா நாசிலுக்கும், அதாவது இன்ஜெக்டருக்கும், போகும் கம்ப்யூட்டர் வகை) ஒருபோதும் பொருந்தாது. அங்கே ஐடிலிலேயே பைப்புக்குள் சில நூறு பார் அழுத்தம் இருக்கும், முழு வேகத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடும். அப்படி ஒன்று நடந்தால் காயம் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், 'அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது' என்று சொல்லுங்கள். எந்த டீசல் வண்டியிலும் நாசில் பைப்பில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

காற்று ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை

ஐடில் குறைந்தால் காற்று ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய் என்று சொல்பவர்கள் அதிகம். தூசிப் பாதையில் ஓடும் வண்டிக்கு அது நல்ல பழக்கம்தான், ஆனால் ஐடில் கோளாறுக்கு மருந்தாவது அரிது. டீசல் இன்ஜின் ஐடிலில் தேவைக்குப் பல மடங்கு அதிகமான காற்றோடுதான் ஓடுகிறது. ஃபில்டர் பாதி அடைத்தாலும் அந்த நேரத்தில் அதற்குக் குறை தெரியாது, மேடேறும்போது கரும்புகையாகத்தான் காட்டும். ஸ்நார்க்கல் (காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) வாயில் இலையோ துணியோ முழுசாக அடைத்திருந்தால் மட்டும் ஐடிலும் பாதிக்கும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள்.

எந்தச் சிலிண்டர் சோம்பேறி?

உதறலோடு ஐடில் குறைந்திருந்தால் இதைச் செய்யுங்கள். மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும், வேகம் விழும். ஒன்றைத் தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பைப்பில் கை வைக்கத் தயக்கமாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருப்பதுதான் குற்றவாளி.

அந்த நாசிலைக் கழற்றி வேறொரு சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றுங்கள் (அடி வாஷரைப் புதிதாகப் போட்டு). கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில்தான் காரணம், சோதனை பெஞ்ச் உள்ள பணிமனைக்கு அனுப்பிவிடலாம். கோளாறு அதே சிலிண்டரில் தங்கினால் கம்ப்ரஷனையும் வால்வ் இடைவெளியையும் பார்க்க வேண்டும்.

புகையும் பேசும். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் எரியாத டீசல், அதாவது செத்த சிலிண்டர் அல்லது தாமதமான பம்ப் டைமிங். நீலமானால் ஆயில்.

இன்ஜினைப் பிடித்து இழுப்பது எது?

டீசலெல்லாம் சரியாக வந்தும் ஐடில் குறைவாகவே இருந்தால் சுமையைத் தேடுங்கள். கிளட்சை மிதித்தால் ஐடில் ஏறுகிறதா? கியர்பாக்ஸ் பேரிங்கோ தவறான கெட்டி ஆயிலோ இழுக்கிறது. ஃபேன் விஸ்கஸ் வகையானால் (சூடேறினால் மட்டும் முழுதாகப் பிடித்துச் சுற்றும் வகை), இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பூட்டிக்கொண்டிருந்தால் எப்போதும் முழு வேகத்தில் காற்றடித்து இன்ஜினைத் தின்னும்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டி அளந்தால் ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் பம்ப், ஏசி ஆகியவற்றின் கணக்கு ஒரேயடியாகத் தெரியும். பெரும்பாலான இன்ஜின்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் இருப்பதால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். பிரேக்குக்கான வேக்குவம் பம்பும் ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கலாம், அதனால் பெல்ட் இல்லாமல் வண்டியை நகர்த்தவும் வேண்டாம்.

ஏசி போட்டால் மட்டும் விழுகிறது என்றால் ஐடில் உயர்த்தும் வேக்குவம் டப்பாவையும் அதற்குப் போகும் சின்னக் குழாயையும் பாருங்கள். குழாய் உலர்ந்து வெடித்திருப்பதுதான் பெரும்பாலும்.

இப்போது ஸ்க்ரூ

இதுவரை சொன்னது எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள், இன்ஜின் சீராகச் சுற்றுகிறது, ஆனால் எண் மட்டும் கையேட்டைவிடக் குறைவு. அப்போது ஸ்க்ரூவைத் தொடலாம்.

லிவர் ஓய்வில் இருக்கும்போது முட்டும் ஸ்க்ரூவே ஐடில் ஸ்க்ரூ. எதிர்ப்பக்கம், முழு ஆக்சிலேட்டரில் முட்டுவது அதிகபட்ச வேகத்துக்கான ஸ்க்ரூ, அதில் ஈயமோ கம்பியோ வைத்து முத்திரை இட்டிருப்பார்கள். ரோட்டரி பம்பின் பின்பக்கம் உள்ளது டீசல் அளவுக்கான ஸ்க்ரூ. இந்த இரண்டையும் தொடாதீர்கள். முதலாவதைத் திருகினால் இன்ஜின் தாங்கும் வேகத்தைத் தாண்டிச் சுற்றும், இரண்டாவது புகையையும் பிஸ்டன் சூட்டையும் கூட்டும்.

ஸ்க்ரூ இருக்கும் நிலையைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை மட்டும் தளர்த்துங்கள். கால் சுற்று உள்ளே திருகுங்கள். பெரும்பாலான பம்புகளில் உள்ளே போனால் லிவர் தள்ளப்பட்டு வேகம் கூடும். ஒரு தடவை 2000 வரை ரேஸ் கொடுத்து விட்டு, அடங்கியதும் அளங்கள். இதை மூன்று தடவை செய்து ஒரே எண் வந்தால்தான் நம்பலாம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். கடைசியாகக் கேபிள் தளர்வைப் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு மேல் திருகியும் வேகம் ஏறவில்லையென்றால் நிறுத்திவிட்டு, ஸ்க்ரூவைப் பெயின்ட் கோட்டுக்குத் திருப்புங்கள். ஏதோ ஒரு காரணம் இன்னும் கண்ணில் படவில்லை.

'கொஞ்சம் கூடவே வைத்துக்கொண்டால் அணையாதே' என்று 1000க்கு உயர்த்துபவர்கள் உண்டு. வேண்டாம். செங்குத்தான இறக்கத்தில் லோ ரேஞ்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இன்ஜின்தான். ஐடில் உயர்ந்தால் அது பிடிப்பதற்குப் பதிலாகத் தள்ளும். ஈரமான மண்ணில் சக்கரம் வழுக்க அது போதும். வின்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) இழுக்கும்போது வேகம் வேண்டுமென்றால் அந்த நேரத்துக்குக் கைத் திராட்டிலைப் பயன்படுத்துங்கள்.

காமன் ரெயில் வண்டிக்காரர்களுக்கு

டேங்க் மூச்சுக்குழாய், ஃபில்டர், தண்ணீர், காற்றுக் குமிழ், சுமை எல்லாம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். அவற்றைப் பார்த்த பிறகு ஸ்கேனரை மாட்டுங்கள். கோளாறு எண் (எரர் கோட்) ஒன்றும் காட்டவில்லையென்றாலும் நேரலை எண்களைப் பாருங்கள்: ஈசியூ கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மையில் இருக்கும் அழுத்தமும் ஒத்துப்போகின்றனவா, சிலிண்டர் வாரியான இன்ஜெக்டர் திருத்த எண்களில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறதா, கூலன்ட் சென்சார் குளிர்ந்த இன்ஜினைச் சூடானது என்று சொல்கிறதா. பம்பில் உள்ள அளவு வால்வ் அழுக்கடைந்தால் அழுத்தம் அலையும், ஐடிலும் அலையும். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வ் கரியால் திறந்தபடி மாட்டினாலும் ஐடில் உதறும், கழற்றிச் சுத்தம் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் அதன் குறியீட்டை ஈசியூவில் பதித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பணிமனைக்குப் போக வேண்டிய நேரம்

பம்ப் டைமிங், பம்புக்குள் கவர்னர், ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளும் தேய்ந்த இன்ஜின், இவை மூன்றும் வீட்டு வாசலில் முடிகிற வேலைகள் இல்லை. ஆயில் அழுத்த விளக்கு ஐடிலில் மினுக்கினாலும் போங்கள். ஐடில் இறங்கியதால் மட்டும் அது மினுக்கலாம், ஆனால் உண்மையிலேயே அழுத்தம் இல்லாமலும் இருக்கலாம். தனி அழுத்த மீட்டர் மாட்டி அளந்தால்தான் தெரியும். போகும்போது நீங்கள் எழுதிய மூன்று எண்களையும், எதையெல்லாம் பார்த்தீர்கள் என்பதையும் காகிதத்தில் கொடுங்கள். அவர்களுக்குப் பாதி நாள் மிச்சமாகும்.

சரிசெய்த வண்டியை நேரே காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். காலியான ஒரு சிறு மேட்டில் லோ ரேஞ்ச் முதல் கியரில் காலை எடுத்துவிட்டு ஊரவிடுங்கள், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துப் பாருங்கள், ஏசியைப் போட்டுப் பாருங்கள். இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். காற்று இன்னும் நுழைந்துகொண்டிருந்தால் டீசல் இரவில் டேங்குக்குத் திரும்பி இறங்கியிருக்கும், காலையில் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும். ஒரு வாரம் கழித்துக் கிளாம்புகளை இன்னொரு தடவை இறுக்கி, சூடான இன்ஜினில் மறுபடி அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.